பரண் ஏறாமல் தப்ப ஒரு பைபாஸ்

இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் ஏறுவதில்லை என்று காதுக்காரர் முடிவு செய்துவிட்டார். வானமே இடிந்து விழுந்தாலும் சரி, அதையும் தரையில் நின்றே தாங்கிக்கொள்வது.

ஒலிப்பதிவுதான் அவர் தொழில். கொசு பறந்தால் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார் என்பதால் நண்பர்கள் வைத்த பெயர் அது. ஆனால் பரணைச் சுத்தம் செய்யச் சொல்லி மனைவி மாதக்கணக்கில் கேட்டது மட்டும் அந்தக் காதில் விழவே இல்லை.

மனைவி பள்ளியில் இயற்பியல் டீச்சர். கண் தெரியாத மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்து, வீட்டுப் பின்னறையில் பதிவு செய்திருந்தார். காதுக்காரர் அதைச் சீர்செய்து கொடுத்து, சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். காதுக்காரரின் திட்டமும் அதில்தான் இருந்தது. தன் வேலையே கணவர் கையில் இருக்கும்போது எந்த மனைவி பரணைப் பற்றிப் பேசுவாள்?

கம்ப்யூட்டரைத் திறந்தார். ஒரு பட்டனை அமுக்கினார். "ஐயையோ!" என்றார்.

"என்னங்க ஆச்சு?"

"ஈக்யூ வேலை செய்யலம்மா."

"ஈ க்யூல நிக்குதா? அடுப்படியிலயும்தான் நிக்குது. வந்து விரட்டுங்க."

"ஈக்வலைசர்மா! குரலை அடி, நடு, உச்சின்னு பிரிச்சு, ஒண்ணை ஏத்தி ஒண்ணை இறக்குற சாப்ட்வேர். ஒவ்வொரு பிரிவுக்கும் பேண்டுன்னு பேரு. எதைத் திருகினாலும் சத்தம் மாறவே மாட்டேங்குது. இன்னிக்கு முழுக்க நான் இதோடதான்."

பெருமூச்சு விட்டார். அதில்கூட அடித்தொனி கச்சிதமாக இருந்தது.

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இது திட்டத்தில் இல்லை.

"இந்த பட்டன் மட்டும் ஏன் எரியுது?"

"அது... பைபாஸ்."

"பைபாஸ்னா ஊருக்குள்ள நுழையாம போறதுதானே? அப்ப என் குரல் உங்க ஈக்யூக்குள்ள வராமலே போயிட்டிருக்கு." அமுக்கினார். சத்தம் மாறியது.

காதுக்காரர் அசரவில்லை. டீச்சர் டீ எடுத்து வரப் போன நேரத்தில் உச்சியில் ஒரு பேண்டைக் கூரை வரைக்கும் ஏற்றிவிட்டார். குரல் கத்தியைத் தீட்டுகிற மாதிரி கீச்சிட்டது.

"கேட்டியா? காதே கிழியுது. எங்க கோளாறுன்னு தேடவே சாயங்காலம் ஆயிடும்."

"தேடுவானேன்? ஸ்கிரீன்ல மலை மாதிரி நிக்குதே!" மலையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார் டீச்சர். கீச்சு அடங்கியது. "ஆனா என்னங்க, இப்பவும் டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரிதான இருக்கு?"

காதுக்காரரின் முகம் மலர்ந்தது. இது அவர் செய்த கோளாறு அல்ல. நிஜக் கோளாறு! நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதை ஈக்யூ சரி பண்ணாது. சுவர் மொட்டையா இருக்கு. உன் குரல் அதுல மோதித் திரும்பி மைக்குக்குள்ள வருது. அந்த டப்பா சத்தத்தைக் குறைச்சா உன் குரலும் சேர்ந்து செத்துப்போகும். அறையைத்தான் மாத்தணும். ஆளைக் கூப்பிட்டு, அளவெடுத்து... இன்னிக்கு ஆகிற காரியமா?"

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. வினையும் அதில்தான் வந்தது.

"மெத்துனு கனமா எதையாவது சுவர்ல சாத்தினா?"

"தாராளமா போதும். மெத்தை மாதிரி ஏதாவது."

"பழைய மெத்தையெல்லாம் பரண்மேல இருக்கு. ஏணி வாசல்லயே சாத்தி வெச்சிருக்கேன்."

காதுக்காரர் ஏறினார். தும்மினார். மெத்தைகளை இறக்க, வழியை மறித்த அண்டா, பெட்டி, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் இறக்கினார். பரண் காலி.

டீச்சர் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாடத்தை மறுபடி வாசித்தார். குரல் பக்கத்தில் வந்து பேசுகிற மாதிரி இருந்தது. காதுக்காரருக்குத் தன்னை நினைத்தே புல்லரித்தது.

"பாத்தியா! ஒரு பேண்டைக்கூடத் தொடலை!"

"உங்க பேண்ட்டைத் தொட்டுப் பாருங்க, ஒரு சாண் தூசி."

"கிண்டலை விடு. கோளாறு சுவர்லதான்னு கண்டுபிடிச்சது யாரு?"

"எனக்கு நேத்து வாசிக்கும்போதே தெரியும்ங்க. மெத்தைங்கிற வார்த்தை உங்க வாயிலேருந்து வரட்டும்னுதான் ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தேன்."