மூன்று படிகளில் என் குற்ற ஒப்புதல்

அகுவாதா, புவெர்த்தோ ரிக்கோ
27 அக்டோபர் 2017

ஃபுளோரிடாவில் வக்கீலாகச் சிறந்து விளங்கும் என் தங்கை மகன் எலியேசருக்கு, மாமன் அபெலார்தோ எழுதுவது. கூரை நீங்கலாக, நானும் உன் இர்மா மாமியும் நலம். சொல்ல வேண்டிய குறிப்புகள்:

1. நீ அனுப்பிய ஜெனரேட்டர் வராதது.
2. 1920-ஆம் ஆண்டுக் கப்பல் சட்டம் (இதில் மட்டும் எனக்கு ஐயமில்லை).
3. நான் செய்த குற்றம்.
4. எனக்கு வக்கீல்.

ஜெனரேட்டர் இன்னும் உங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே நிற்கிறதாம். எங்கள் தீவும் அமெரிக்காவுக்கு உட்பட்டது என்பதால் அங்கிருந்து இங்கே சரக்கு வர, அமெரிக்காவில் கட்டி அமெரிக்கக் கொடி ஏற்றிய கப்பல்தான் வேண்டும், அவற்றில் இடமில்லை. சென்ற மாதப் புயலுக்குப் பின் பத்து நாளுக்கு அந்தக் கப்பல் சட்டத்தைத் தளர்த்தினார்களாம். எங்களுக்குச் செய்தி எட்டியது பதினோராம் நாள். இதற்கிடையில் மீனவர் சங்கத்தின் பெட்டியில் கடைசி ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. இர்மாவுக்கும் இன்னும் பதினோரு பேருக்கும் உரிய இன்சுலின் அதற்குள்தான் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை காலை, கூரை பறந்துபோன சங்கக் கட்டடத்தில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தோம். மோனா கடலைத் தாண்டி, பக்கத்துத் தீவிலிருந்து டொமினிக்கன் படகு ஒன்று வந்தது. அதன் தலைவன் டெல்ஃபின் கத்தினான்: "ஐஸு கொண்டாந்திருக்கேன்! முன்ன எங்க ஊர்ல புயல் அடிச்சப்ப உங்க ஆளுங்க எங்களுக்குத் தார்ப்பாய் கொண்டாந்தாங்கல்ல? கயித்தப் புடிங்கய்யா!"

ஒருவரும் பிடிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் '1920 சட்டப்படி அந்நியப் படகு நம் கரையில் சரக்கு இறக்கக் கூடாது' என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். சங்கத் தலைவி மிக்தாலியாவும் என் மாணவிதான்.

"நூறு தடவை எழுத வெச்சீங்களே வாத்தியாரே, இப்ப என்ன சொல்றீங்க?"

யோசிக்கலாம் என்றேன்.

"நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள இது தண்ணியாயிடும் பெரியவரே," என்றான் டெல்ஃபின். "தண்ணிய இறக்கலாமா, இல்ல அதுக்கும் சட்டம் இருக்கா?"

"அவர்கிட்ட கேக்காதப்பா," என்றாள் இர்மா. "கரண்டு போயி சிக்னலே எரியலைன்னாலும் பச்சை விழற வரைக்கும் நிக்கிற மனுஷன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் கண் ஐஸ் பெட்டி மேலேயே இருந்தது. அப்புறம் எனக்கு என்ன ஆச்சோ தெரியல எலியேசர், எந்திரிச்சுப் போயி கயித்தப் புடிச்சுட்டேன். நான் போட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது, மிக்தாலியா மறுபடி கட்டினாள். ஆனாலும் பிடித்தவன் நானே. இருபத்திரண்டு ஐஸ் பாளங்கள் கைமாறிக் கைமாறி இறங்கின.

அன்றே மூன்று படிகளில் ஒப்புதல் எழுதினேன்: சுங்க அலுவலகத்துக்கு ஒன்று, சங்கத்துக்கு ஒன்று, உனக்கு ஒன்று. குற்றவாளி நான் ஒருவனே. அதுமுதல் ஊரில் என் பெயர் கடற்கொள்ளைக்காரன். ரொட்டி வரிசையில் வழிவிடுகிறார்கள். இர்மா முதல் காப்பியை எனக்கே வடிகட்டித் தருகிறாள். பக்கத்துத் தீவு கயிறு எறிந்தது, நம் தீவு பிடித்தது; எழுபத்தாறு வயதில் இதற்காக நெஞ்சு நிமிர்ந்தால் தவறா? சிறைக்கு எத்தனை சட்டை எடுத்துப்போகலாம் என்றும் விசாரித்து எழுது.

உன் வீட்டுக் கூரை எந்தக் காற்றிலும் நிலைக்கட்டும்.

அன்பு மாமன்,
அபெலார்தோ

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் சுங்க அதிகாரியின் பதில் வந்தது. 'படகு வருகையை இவ்வளவு தெளிவாக இதுவரை யாரும் தெரிவித்ததில்லை, நன்றி' என்கிறார். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சரக்கைத்தான் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துமாம். டெல்ஃபின் தன் நாட்டிலிருந்து நேரே வரலாம், எப்போதுமே வந்திருக்கலாம். சட்டம் மறித்தது உன் ஜெனரேட்டரை மட்டுமே. ஆகவே வக்கீல் வேண்டாம். கயிற்றைப் பிடித்தபோது எனக்கு இது தெரியாது என்பதை மட்டும் நீ மறக்கக் கூடாது.

மிக்தாலியாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நூறு தடவை எழுதுங்க வாத்தியாரே," என்று ஒரு நோட்டை நீட்டினாள். முப்பத்தேழாவது வரியில் இருக்கிறேன்: என் இரண்டாவது குறிப்பு தவறு.