அலாரம் அடித்தபோது நான் உள்ளேயே இருந்தது பற்றி

டண்டி, ஸ்காட்லாந்து
அக்டோபர் 14

மதிப்பிற்குரிய பெரியப்பா ஏசுபாதம் அவர்களுக்கு,

தம்பி மகள் ஜாக்குலின் பணிவுடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். சுகம் என்பதையும் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். உங்கள் முழங்காலும் பெரியம்மாவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க ஜெபிக்கிறேன். வாட்ஸாப்பில் அனுப்பினால் பெரியம்மா முதலில் குடும்பக் குழுவில் போட்டுவிட்டு அப்புறம்தான் படிப்பார்கள். அதனால் தாள், பேனா.

சுற்றி வளைக்கவில்லை. நவம்பர் பன்னிரண்டாம் தேதி விடுதிக் காப்பாளர் என்னை அழைத்திருக்கிறார். விசாரணையாகத்தான் இருக்கும். அறை பறிபோகலாம். குளிர்காலத்தில் இந்த ஊரில் வேறு அறை கிடைக்காது. அறை இல்லையென்றால் படிப்பும் இல்லை. என்னைக் காப்பாற்ற உங்கள் கையெழுத்தில் ஒரு சான்றுக் கடிதம் வேண்டும்.

நடந்தது இதுதான். புதன்கிழமை காலை பதினொரு மணி. அறைக்குள் சமைக்கக் கூடாது என்று கதவின் பின்புறமே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்றுதான் மின் அடுப்பில் நெத்திலிக் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். சதுரங்கப்பட்டினத்திலிருந்து அம்மா நான்கு உறை சுற்றி அனுப்பியது. பொதுச் சமையலறையில் வறுக்கத் தைரியம் இல்லை. இரண்டாவது முறை புரட்டும்போது அலாரம் அலறியது. கருவாடுதான் காரணம் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

பெரியப்பா, அந்த நிமிடம் நான் யோசிக்கவே இல்லை. யோசித்தால்தான் ஏதாவது தப்பாகச் செய்வேன். கை தானாக வேலை செய்தது. அடுப்பை அணைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன். துப்பட்டாவை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டேன். அயோடின் மாத்திரை இல்லாததால் அயோடின் உப்பை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். பிறகு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் நீங்கள் நடத்திய ஒத்திகையில் ஒன்றுகூட விடவில்லை. வகுப்பிலேயே முதலில் ஜன்னல் சாத்தியதற்குப் பென்சில் டப்பா வாங்கியவள் நான். ஆனால் அந்த ஒத்திகை, அயோடின் உட்பட, பக்கத்து அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சு கசிந்தால் என்பதற்கு. அது வெளியே ஆபத்து வந்தால் உள்ளே இருப்பதற்கு. உள்ளே தீப்பிடித்தால் உள்ளே இருப்பதற்கல்ல. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான் இங்கே படிப்பது பேரிடர் மேலாண்மை என்பதை நினைவூட்ட வெட்கமாக இருக்கிறது.

கீழ்மாடியில் இருக்கும், நம் படாளம் ஊர்ப் பையன் விஷால் போன் செய்தான்.

"யக்கா, எங்க கீற? எல்லாரும் புல்தரையில நின்னுகினு கீறோம். உன்னத்தான் காணோம்."

"நீயும் உள்ள போடா. ஜன்னலச் சாத்து."

"இன்னா சொல்ற நீ? தீப்புடிச்சா உள்ள போவ சொல்ற?"

"மைக்ல சொல்ற வரைக்கும் யாரும் வெளிய வரக் கூடாது."

"எந்த மைக்கு? யாரு சொல்வாங்க?"

உண்மையில் நான் உங்கள் குரலுக்காகக் காத்திருந்தேன் பெரியப்பா. 'அபாயம் நீங்கியது, அனைவரும் வெளியே வரலாம்' என்று இரண்டு முறை இருமிவிட்டுச் சொல்வீர்களே. டண்டியில், ஐந்தாவது மாடியில், அதற்காகக் காத்திருந்தேன்.

ஆட்களை வெளியேற்ற மாடி மாடியாக வந்த மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். "நான் பத்திரமாக இருக்கிறேன், நீங்களும் உள்ளே போங்கள்" என்று துப்பட்டாவுக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் அறிவுரை சொன்னேன். அவர் தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். சாத்திய அறையில் கருவாட்டுப் புகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. ஓரடி பின்வாங்கினார். எதையோ குறித்துக்கொண்டார்.

மறுநாள் காப்பாளரின் அழைப்பு வந்தது. விஷால்தான் யோசனை சொன்னான்.

"மன்னிப்பு லெட்டர் ஒண்ணு குடுத்துடு யக்கா. எல்லாத்தயும் ஒத்துக்கோ. உண்மைய சொன்னா இவங்களுக்குப் புடிக்கும்."

எழுதிவிட்டேன். நான்கு பக்கம். அடுப்பு, கருவாடு, எத்தனை முறை சமைத்தேன் என்பது வரை. கூடவே உங்கள் சான்றும் வேண்டும். 'இப்பெண்ணுக்குப் பன்னிரண்டு வருடமாக, சைரன் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கத்தான் கற்றுக்கொடுத்தேன்' என்று எழுதினால் போதும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

பெரியம்மாவின் கன்னத்துக்கு ஒரு முத்தம். உங்கள் ஆசீர்வாதம் விமானத் தபாலில் வந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

சொன்ன பேச்சை அளவுக்கு மீறிக் கேட்ட மகள்,
ஜாக்குலின்

பி.கு: உறையை ஒட்டுமுன், சான்றை யார் பெயருக்கு எழுதச் சொல்வது என்று கேட்கக் காப்பாளரிடம் போனேன். போன கையோடு மன்னிப்புக் கடிதத்தையும் நீட்டினேன். அவர் நல்ல அம்மாள். அன்று தீயே இல்லையாம். அது ஒத்திகையாம். ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். கீழே வராதவர்களைக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து வழி காட்டுவார்களாம். விசாரணை எதுவும் இல்லையாம். மஞ்சள் சட்டைக்காரரின் குறிப்பையும் காட்டினார்: 'மாணவிக்கு உடல்நிலை சரியில்லை. அறையில் கடுமையான மருந்து வாசனை.' இதைச் சொல்லிக்கொண்டே என் கடிதத்தைப் படித்து வந்தவர், மூன்றாம் பக்கத்தில், அடுப்பும் கருவாடும் வரும் இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். இப்போது விசாரணை உண்டு.

ஆகவே மேலே கேட்ட சான்று வேண்டாம். வேறொன்று வேண்டும். பொய் எழுதச் சொல்லவில்லை. நமக்குச் சளி பிடித்தால் பெரியம்மா கருவாட்டுக் குழம்புதானே வைத்துக் கொடுப்பார்கள்? அதை மட்டும் எழுதினால் போதும்.