தூக்குச் சட்டியில் மாம்பழ ஐஸ்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அந்த வியாதி முற்றியிருந்தது.

சித்திரை விடுமுறைக்கு ஊரப்பாக்கத்து நாத்தனார் தன் மூன்று பிள்ளைகளைத் திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டில் விட்டுப் போனாள். "குச்சி ஐஸ் மட்டும் வாங்கித் தராதீங்க அண்ணி, வயித்துக்கு ஆவாது."

"கடை ஐஸ் எதுக்கு? மாம்பழத்துல நானே சுத்தமா செஞ்சு தரேன். ஞாயித்துக்கிழமை வந்து நீயும் சாப்புடு!" (எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. தெருவிலேயே கிடையாது.)

அதன்பின் பிள்ளைகள் என்னை உட்காரவிடவில்லை. ஞாயிறு காலை மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினேன். கரையில் மீன் பெட்டிக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம் கேட்டேன்.

"மீனு வாணாமா? வெறும் ஐஸை வெச்சுகினு இன்னா பண்ணுவே?"

"பாத்திரத்தைச் சுத்தி வைக்கத்தான். உள்ள போவாது."

உமி போட்டுக் கட்டிய சாக்கு வழியெல்லாம் ஒழுகியது. பக்கத்துச் சீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார். வீடு சேர்ந்தபோது ஐஸ் பாதி, நான் பாதி.

அண்டாவில் ஐஸும் கல்லுப்பும் கொட்டி, நடுவில் மாம்பழக் கூழ் ஊற்றிய தூக்குச் சட்டியை வைத்தேன். என் இரண்டையும் சேர்த்து ஐந்து பிள்ளைகள். முறைவைத்துச் சட்டியைத் திருகினார்கள். நிமிஷத்துக்கொரு தரம், "கெட்டியாச்சா அத்தே?" என்று மூடியைத் திறந்தார்கள். ஆகவில்லை. இரண்டு மணி நேரம் போனது. தோள் கழன்று, சுவரில் சாய்ந்து கொஞ்சம் கண்ணை மூடினேன். அதற்குள் நாத்தனாரின் மூத்தவன் சேகர், பொறுமையிழந்து அண்டா ஐஸையே அள்ளிச் சட்டிக்குள் போட்டுக் கலக்கிவிட்டான். எனக்குத் தெரியாது.

நாத்தனார் வந்தாள். முதல் கிண்ணம் அவளுக்கு.

"உப்புக் கரிக்குது அண்ணி."

அடுத்த வாய்க்கு ஸ்பூனைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். "இன்னா அண்ணி இது, கண்ணு கீது!"

முழுசாக ஒரு நெத்திலி. முட்டைகூட நுழையாத சைவ வீடு எங்களுடையது.

கிணற்றடியில் வெகுநேரம் வாய் கொப்பளித்தாள். பிறகு ஐந்து பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் குச்சி ஐஸ் வாங்கித் தந்தாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள். வாயைத் திறக்காமல் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று முதல் நான் நெத்திலி அத்தை. இப்போது பதவி உயர்ந்து நெத்திலிப் பாட்டி. பெயர்க் காரணத்தைச் சேகரின் புது மருமகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லைபோல. போன மாதம் விருந்துக்குப் போனபோது ஆசையாக ஒரு டப்பாவை நீட்டினாள்.

"உங்களுக்குன்னு எங்க அம்மா வூட்லேர்ந்து நெத்திலி வறுத்து எடுத்தாந்தேன் பாட்டி."

சேகர் அவசரமாகச் சுவரைப் பார்த்தான். ஆரம்பத்திலிருந்து விளக்க எனக்குத் தெம்பில்லை.

"டாக்டர் வேணாம்னுட்டாரும்மா" என்றேன்.