அங்க அடையாளம்

மூன்றாம் நாள் மச்சம் வலது கன்னத்துக்கு வந்து சேர்ந்தது. கறுப்பையும் காப்பிப் பொடி நிறத்தையும் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் ஒரு மிளகளவுக்குத் தீட்டி, ஓரத்தை விரல் நுனியால் லேசாகக் கலைத்து, மேலே பவுடர் ஒற்றி முடித்தபோது அவளுக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. பெற்ற தாய் பார்த்திருந்தால், அடடா, இத்தனை நாள் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று வருத்தப்பட்டிருப்பாள்.

ஜன்னல் வெளிச்சம் நேராகக் கன்னத்தில் விழுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கணவருக்கு எதிரே சாப்பிட உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கண்ணை மூடித் திறந்தார். பிறகு மறு கண்ணை மூடித் திறந்தார். தூக்கம் தெளியவில்லை போலிருக்கிறது.

"அந்த உப்பை எடு," என்றார்.

முதல் நாள் மச்சம் மேலுதட்டின் இடது ஓரத்தில் இருந்தது. அன்றைக்கு அவர் குளியலறைக் குழாய் ஒழுகுவதாகச் சொன்னார். இரண்டாம் நாள் தாடையில் இருந்தது. அன்றைக்குச் சாவியைக் காணோம் என்றார். இப்போது உப்பு.

இதில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அவர் பார்க்கும் வேலையை நினைத்துத்தான். பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்றாம் கவுன்டர். போட்டோவைப் பார்ப்பது, ஆளைப் பார்ப்பது, மறுபடி போட்டோவைப் பார்ப்பது. இதற்குத்தான் அவருக்குச் சம்பளம். படிவத்தில் அங்க அடையாளம் என்று ஒரு கட்டம் உண்டு. இடது புருவத்தின் மேல் மச்சம் என்று எழுதிவிட்டு வலது புருவத்தில் மச்சத்தோடு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேரை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊரார் மச்சமெல்லாம் அத்துப்படி. வீட்டில் இருப்பது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

வினை ஆரம்பித்தது போன வாரம், அவளுடைய வகுப்பில். அவள் ஓர் அழகுக்கலைப் பயிற்சி நிலையத்தில் ஒப்பனை ஆசிரியை. பன்னிரண்டு மாணவிகள். ஒவ்வொரு வருஷமும் முதல் பாடத்தை ஒரே மாதிரிதான் தொடங்குவாள். ஒப்பனை என்பது கலை. நம் முகத்தில் நாம் தீட்டுவது நம் சந்தோஷத்துக்கு. எவனோ திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காக அல்ல. "படம் வரையறவங்க அதை மாட்டப்போற சுவத்தைக் கேட்டுட்டா வரையறாங்க?" என்று கேட்டு நிறுத்துவாள். மாணவிகள் கைதட்டுவார்கள். கைதட்டல் எந்தப் பக்கத்தில் கொஞ்சம் குறைகிறது என்று அவள் கண் மட்டும் வரிசை வரிசையாக ஒரு சுற்றுச் சுற்றி வரும்.

இந்த வருஷம் முன்வரிசையில் ஒருத்தி வந்து வாய்த்தாள். எதைச் சொன்னாலும் பாதிதான் நம்புவாள் என்பதால் மற்றவர்கள் அவளுக்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார்கள். கைதட்டல் அடங்கியதும் அந்த வக்கீல் கையைத் தூக்கினாள்.

"உங்க மேக்கப்பைப் பாத்து வீட்ல சார் என்ன சொல்வாங்க மேடம்?"

"அவர் என்ன சொன்னாலும் எனக்கு அதைப்பத்திக் கவலை இல்லம்மா."

"சரி மேடம். ஆனா என்ன சொல்வாங்க?"

அவள் அவசரமாக அடுத்த பாடத்துக்குத் தாவினாள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். அவர் அவள் முகத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்? கல்யாணத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து, "வேர்க்குதா?" என்று கேட்டார். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று இரண்டு நிறுத்தம் வரை யோசித்து, சேர்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. மனசு சுருக்கென்றது.

சுவரைப் பற்றி அத்தனை பேசியவள் இப்போது சுவருக்குக் கண் இருக்கிறதா என்று பார்க்கப் புறப்படுவது கேவலம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதனால் தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டாள். இது ஆண் பார்வைக்கு ஏங்குவது அல்ல. ஆண் பார்வையை ஆராய்வது. ஆராய்ச்சிக்கு ஒரு சோதனைப் பொருள் வேண்டும். அவருடைய தொழிலுக்கே உரிய பொருளாக இருந்தால் நியாயமாக இருக்கும் என்று மச்சத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

அவரைத் தவிர ஊரே மச்சத்தைப் பார்த்தது. பக்கத்து வீட்டுப் பெண், நேற்று இந்தப் பக்கம் அல்லவா இருந்தது அக்கா என்றாள். நாத்தனார் வீடியோ அழைப்பில் வந்து, முகத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, துடையுங்கள் அண்ணி என்றாள். மாணவிகள் இதுதான் புது ஃபேஷன் என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமைக்குள் பதினொரு பேர் மச்சத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். நிலையத்தின் முதலாளியம்மா வாசலோடு நின்று எட்டிப் பார்த்து, ஏதாவது தொற்று நோயா என்று விசாரித்துவிட்டு உள்ளே வராமலே போனார். வக்கீல் மட்டும் மச்சம் வைக்கவில்லை. சார் பார்த்தாரா மேடம் என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வாரம் அவள் ஆராய்ச்சியைத் தீவிரப்படுத்தினாள். மிளகு பட்டாணியாயிற்று. கன்னத்திலிருந்து நெற்றிக்கு ஏறியது, நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. ஒரு நாள் இரண்டு வைத்துப் பார்த்தாள். பலன் தலைகீழாக இருந்தது. அவர் அவள் பக்கம் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். அவளோடு பேசவேண்டியதை அவள் தலைக்கு மேலே இருந்த கடிகாரத்தோடு பேசினார். உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். ஆக, இருந்த உப்பும் போயிற்று.

போதாக்குறைக்கு, செவ்வாயும் வெள்ளியும் தாமதமாக வர ஆரம்பித்தார். கேட்டால் ஆபீஸில் வேலை ஜாஸ்தி என்று கடிகாரத்திடம் சொன்னார். மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அவள் அலுவலகத்துக்கே போன் செய்தாள். எடுத்தவர் இரண்டாம் கவுன்டர்க்காரர். உங்கள் வீட்டுக்காரர் நாலு மணிக்கே பர்மிஷன் போட்டுவிட்டுப் போய்விட்டாரே, போன வாரமும் இரண்டு நாள் அப்படித்தான் என்றார். கொஞ்சம் தயங்கி, ஆள் சரியில்லை என்றும் சொன்னார். வருகிறவர்கள் போட்டோவையெல்லாம் சந்தேகமாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறாராம். நேற்று மேலதிகாரி எதிரே வந்து நின்றபோது, நீங்கள்தானா சார் என்று இரண்டு தடவை கேட்டாராம்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவர், நாலு மணிக்கு எங்கோ ஓடுகிறவர், வேலையில் நினைவில்லாதவர். இதற்கு என்ன பெயர் என்று அவளுக்கா தெரியாது? எங்கேயோ அவர் பார்த்து ரசிக்கிற முகம் ஒன்று இருக்கிறது. அந்த நிலையிலும், அந்தப் பெண்ணின் முகத்துக்கு யார் மேக்கப் போடுகிறார்கள், என்ன ஃபவுண்டேஷன் என்றுதான் புத்தி முதலில் போயிற்று. தொழில் புத்தி எங்கே போகும்.

அவரை இழக்க அவளுக்கு மனசில்லை. குழாயையும் சாவியையும் தவிர வேறெதுவும் பேசாத மனிதர்தான். ஆனாலும் அவளுக்கு அவர் வேண்டும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். கண் இமைக்குப் புகைக் கறுப்பு, அதன் ஓரத்தில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஒரு செம்பு நிறம், கன்ன எலும்பின் மேல் ஒளி, உதட்டுக்கு மூன்று சிவப்பைக் கலந்து நாலாவதாக ஒரு சிவப்பு. கடைசியாக, மச்சத்தை முதல் நாள் இருந்த அதே இடத்தில், மேலுதட்டின் இடது ஓரத்தில் வைத்தாள். இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒரு முகத்தை அவள் போட்டதில்லை. சுவரைக் கேட்காமல் வரைகிறவள், சுவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். கதவைத் திறந்ததும் பார்த்தார். கடிகாரத்தை அல்ல, அவளை. நெற்றியிலிருந்து இறங்கி, கண்ணில் நின்று, உதட்டோரத்தில் வந்து நிலைகுத்தி நின்றது அந்தப் பார்வை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவர் தோளிலிருந்து பை நழுவிக் கீழே விழுந்தது. முகம் வெளுத்தது.

"எனக்குத் தலை வலிக்குது," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் அழுதாள். தண்ணீர் பட்டாலும் கலையாத மை என்று மாணவிகளிடம் சிபாரிசு செய்கிற மை அது. எத்தனை அழுதும் துளிகூடக் கலையவில்லை. அதைப் பார்த்து இன்னும் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முகத்தைக் கழுவித் துடைத்து, பவுடர்கூடப் போடாமல், வகுப்பை வக்கீலிடம் ஒப்படைத்துவிட்டு, நாலு மணிக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு எதிரே போய் நின்றாள். அவர் வெளியே வந்து, கையில் ஒரு காகித உறையோடு விறுவிறுவென்று நடந்தார். அவள் தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே போனாள். வழியில் அவர் பூ வாங்கவில்லை, இனிப்பு வாங்கவில்லை. இதையெல்லாம் அவள் குறித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது தெருவில் ஒரு மாடிப்படியில் ஏறி மறைந்தார். படிக்கு மேலே போர்டு இருந்தது. கண் மருத்துவமனை.

போர்டை மூன்று தடவை படித்தாள். எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தது, தட்டோடு தலை குனிந்தது, மேலதிகாரியை அடையாளம் தெரியாமல் விழித்தது. பாவி மனிதருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. அவர் பார்க்காமல் இருக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வேறு பெண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நிம்மதியில் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. புருஷனுக்குக் கண் போகிறது என்று நடுத்தெருவில் நின்று சிரிக்கிறவள் உலகத்திலேயே நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்புறம்தான் நிஜமான துக்கம் வந்தது. கண் போனால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் ஒற்றையாளாகச் சுமந்திருக்கிறார். அவளோ எதிரே உட்கார்ந்து பொட்டுப் பொட்டாக மை வைத்துக்கொண்டு கோபித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் மச்சமும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள், கையைப் பிடித்து ஆபீஸில் கொண்டுபோய் விடுவாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினாள்.

டாக்டரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே மேஜையில் ஒரு வயதான நர்ஸ் உட்கார்ந்து, சொட்டு மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ள இருக்கிறவர் என் வீட்டுக்காரர்ங்க," என்றாள் அவள். "எவ்வளவு மோசமா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன். அவருக்கு இன்னும் எவ்வளவுதான் தெரியுது?"

நர்ஸ் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மேஜைமேல் அவர் கொண்டுவந்து வைத்திருந்த காகித உறையைப் பிரித்து, உள்ளேயிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தார். தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், அடுத்த தாளைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா, நாலு தடவை செக் பண்ணியாச்சு, 'பதினோரு வருஷமா பாத்துப் பாத்து மனப்பாடமான முகம் டாக்டர், இப்ப தினம் ஒரு இடத்துல மச்சம் தெரியுது, அவகிட்ட கேட்டா பயந்துடுவா'ன்னு ஒவ்வொரு நாளும் உங்க முகத்தை வரைஞ்சு தேதி போட்டுக் கொண்டாந்து குடுக்கறாரு, டாக்டர் இப்பதான் உள்ள மூளை டாக்டருக்குச் சீட்டு எழுதிட்டு இருக்காரு."