பதினேழு வயது ராஜாத்திக்கு எந்த சர்வீஸ்?

கார் ஷெட்டிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"ட்ர்ர்ர்ர்... ஊஊம்... ட்ர்ர்ர்ர்!"

எனக்கு உயிரே போய்விட்டது. பயப்படுவதில் சின்ன வயதிலிருந்தே நான் முதல் ரேங்க். பாப்பா பிறந்த இந்த எட்டு மாதத்தில் தங்கப் பதக்கம் வாங்கும் அளவுக்கு முன்னேறியிருக்கிறேன். ஒரு இடுப்பில் பாப்பா, மறு கையில் துடைப்பம். போய் விளக்கைப் போட்டேன்.

காருக்குள் என் வீட்டுக்காரர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு, வாயாலேயே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ஞாயித்துக்கிழமைக்கு ஒத்திகை."

"சாவியைப் போட்டுத்தான் ஓட்டுங்களேன்."

"மீட்டர் ஏறிடும்ல!"

அதுதான் ராஜாத்தி. சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது பதினேழு. ஓடியது மொத்தமே ஒன்பதாயிரம் கிலோமீட்டர். ஒரு பல் டாக்டர் இத்தனை வருஷம் போர்த்தியே வைத்திருந்ததைப் போன மாதம் இவர் வாங்கி வந்தார். பின்னால் முழம் அகலத்தில் சீட் என்று ஒன்று உண்டு. பாப்பாவுக்கே அளவெடுத்துத் தைத்தது என்பார்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை அதில் உட்கார வைத்து, நெடுஞ்சாலையில் எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போவதாகத் திட்டம். மாப்பிள்ளை வயிறு எரிய வேண்டுமாம். அதற்காகப் போக வர நூற்று நாற்பது கிலோமீட்டரைத் தியாகம் செய்யத் துணிந்துவிட்டார். அதற்கு முன்னால் ஒரு சர்வீஸ். சின்னதா, பெரியதா என்பதில்தான் சண்டை.

"ஆயில் மாத்தினா போதும். ஒன்பதாயிரம் ஓடின வண்டிக்குப் பெரிய சர்வீஸா? பச்சைக் குழந்தைக்கு யாராவது மூட்டு ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

"இன்ஜின் பெல்ட்டை அறுபதாயிரம் கிலோமீட்டர் இல்லன்னா அஞ்சு வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்தணும்னு புக்லயே போட்டிருக்குங்க."

"அது ஓடுற வண்டிக்கு. இது தூங்குன வண்டி. தூக்கத்துல யாராவது தேய்வாங்களா?"

"ரப்பருங்க. தூங்கினாலும் காஞ்சு போகும்."

"உனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்!"

உண்மைதான். போன வாரமே மெக்கானிக்குக்குத் தனியாக போன் போட்டுக் கேட்டிருந்தேன். "பெல்ட்டு அறுந்தா நடுரோட்டுல வண்டி அப்படியே நின்னுடும் மேடம். பின்னாடி லாரி ஏதாச்சும் வந்தா..." என்று பாதியில் நிறுத்திவிட்டார். மீதிப் பாதியை நான்தான் தினமும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாயால் இவரை ஜெயிக்க முடியாது. ஆனால் நான் கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். அங்கே பக்கத்துத் தெருப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதென்றாலும் அப்பா கையெழுத்துப் போட்ட படிவம் வேண்டும். வீறாப்பாகப் பேசுகிற அப்பாக்கள்கூடப் பேனாவை எடுத்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடுவார்கள்.

மறுநாள் காலை, காபியோடு படிவத்தையும் நீட்டினேன்.

'சுற்றுலா அனுமதிப் படிவம். குழந்தையின் வயது. வாகனத்தின் வயது. பெல்ட் மாற்றிய நாள். பிரேக் ஆயில் மாற்றிய நாள். டயர் தயாரான வருடம். மேற்படி வாகனத்தில் என் மகளை அழைத்துச் செல்வது முற்றிலும் பாதுகாப்பானது என உறுதி கூறுகிறேன். தந்தையின் கையொப்பம்.'

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுத்தாங்க. பாப்பா பெரியவளானா காட்டலாம்."

உற்சாகமாக ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"பெல்ட்டுக்கு... வண்டி பொறந்த தேதியையே போட்டுடவா?"

"உங்க இஷ்டம்."

டயர் வருஷம் பார்க்க டார்ச்சோடு ஷெட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இந்த டயர் செஞ்சப்பத்தாம்மா எனக்கு மீசையே முளைச்சுது."

பாப்பா தவழ்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவளைப் பார்த்தார். கையொப்பத்துக்கு விட்டிருந்த கோட்டைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"ஆபீஸ்ல போய் நிதானமாப் போடறேன்."

சாயங்காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். "நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். பெரிய சர்வீஸ்தான். யார் தடுத்தாலும் கேக்க மாட்டேன்."

"அவ்வளவு அவசியமாங்க?"

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்!"

ராஜாத்தி லாரி மேல் ஏறிக்கொண்டு போனாள், மீட்டர் ஏறாமல்.

சனிக்கிழமை மெக்கானிக்கின் போன். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்லவேளை சார். பழைய பெல்ட்டு தொட்டதுமே கையோட பிஞ்சு வந்துடுச்சு. இதுல ஹைவே போயிருந்தா அவ்வளவுதான்."

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு வாரமாக நெஞ்சுக்குள் வந்துகொண்டே இருந்த அந்த லாரி, யாரையும் இடிக்காமல் கடந்து போய்விட்டது.

"பாத்தியா? எனக்கு அப்பவே தோணுச்சு!" என்றார் என்னிடம். பிறகு போனில், "புது பெல்ட்டு, டயரெல்லாம் வர எத்தனை நாள் ஆகும்?"

"வந்து இறங்கியே ரெண்டு நாளாச்சே சார். மேடம்தான் போன வாரமே ஆர்டர் பண்ணச் சொல்லிட்டாங்களே!"

அவர் மெல்லத் திரும்பினார். நான் பாப்பாவை அவர் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். அவள் அழுதால் காதில் விழ வேண்டுமே என்று எட்டு மாதமாக அந்தக் கதவை நான் முழுசாகச் சாத்தியதுகூட இல்லை.

அன்றைக்கு, வாய்விட்டுச் சிரிப்பதற்காக, உள்பக்கம் தாழ்ப்பாளே போட்டுக்கொண்டேன்.