உயிர்க்கணக்கர்

உயிர்க்கணக்கர் என்றோர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜப்பான்மேல் அணுகுண்டு போட்டது சரிதான் என்று, கேட்காதவர்களுக்கும் தீர்ப்புச் சொல்பவர். மலையாள நாட்டு ஸ்ரீவராகத்தில் அந்த இனத்தின் பிரதிநிதி, தாலுகா ஆபீசில் ஓய்வுபெற்ற கல்யாணராமன்.

அவரும் மகன் அனந்தும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. ஏணி பிடிப்பது அப்பா. ஆனால் குண்டு விழும் கட்டத்தை விவரிக்க அவருக்கு இரண்டு கைகளும் வேண்டும்.

"அப்பா, ஏணி!"

"ஏணி எங்கேயும் ஓடிடாதுடா. யுத்தம் நீண்டிருந்தா இருபது லட்சம் பேர் போயிருப்பா, கேட்டியா?"

"போன மாசம் பத்துன்னேளே?"

கழக்கூட்டம் கணினிப் பூங்காவில் மென்பொருள் எழுதும் அனந்துக்கு எண் மாறினால் பிடிக்காது. உயிர்க்கணக்கருக்கோ அதுதான் தொழில் தர்மம். வீட்டில் காப்பி குடிக்கும்போது குண்டு போட்டதால் பிழைத்தவர்கள் ஐந்து லட்சம். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வெளியே செருப்புத் தேடும் இடத்தில் நாலு பேர் சேர்ந்தால் பத்து. பொக்ரானில் நம் அணுகுண்டு வெடித்த இந்த மே மாதம், தெருவே காதுகொடுத்ததும், இருபது. செத்தவர்கள் மட்டும் வருஷா வருஷம் குறைந்தார்கள். அவர்கள் எதிர்த்துப் பேசவா போகிறார்கள்?

எதிர்த்துப் பேசியவர் பக்கத்து வீட்டுத் தங்கப்பன். கண்ணில் புரை விழுந்த, மலையாளம் கலந்து பேசும் பழைய வாத்தியார்.

"அதொக்க சரி சாமி. உங்க பேத்தி அன்னைக்கு அந்த ஊர் ஸ்கூல்ல இருந்தா? அப்பவும் போடச் சொல்லுவீங்களா?"

கல்யாணராமன், "பேச்சிலே குழந்தையை இழுக்கப்படாது" என்று எழுந்து உள்ளே போனார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. வியாழக்கிழமை தங்கப்பனைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். அனந்த் நினைவூட்டினான்.

"முதல்ல அவன் மன்னிப்புக் கேக்கட்டும்."

புதன்கிழமை காலை கல்யாணராமனுக்கு மாரடைப்பு. செத்தவர் ஒருவர். அனந்த் எத்தனை தரம் எண்ணியும் அந்த எண் குறையவில்லை.

துக்கத்துக்கு வந்த தங்கப்பன் சுவரைத் தடவித் தடவி உட்கார்ந்தார். கேட்டது ஒன்றுதான்.

"சாமி நாளைக்கு வந்திருப்பாரா மோனே?"

"ஆட்டோவுக்கே சொல்லி வச்சிருந்தார் சார்."

ஒரு பொய், ஒரு கிழவருக்கு ஆறுதல். லாபம்தான். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை.

வாசகரே, இதில் தவறென்ன என்று உங்கள் தலையும் லேசாக ஆடியதா? அப்படியானால் இனத்துக்கு அழிவில்லை. பதின்மூன்று நாள் காரியமும் குறையில்லாமல் நடந்தது. தங்கப்பனை ஆஸ்பத்திரிக்கு இன்னும் யாரும் அழைத்துப் போகவில்லை.