கடல் தாண்டி வந்த வரி

"இத எந்த மொழியில எழுதலாம்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்" என்று ஷிஜா சொல்லியிருக்கக் கூடாது.

தேவாலயத்தின் பங்குக் கமிட்டி அறையில் இருந்த பதினொரு பேரும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தார்கள்.

"யோசிக்க என்ன உண்டு? தமிழாக்கும்" என்றார் செயலாளர் ராஜதாஸ். "நம்ம ஜெபம் தமிழு, பாட்டு தமிழு."

"பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல படிக்கியது மலையாளமாக்கும்" என்றது பின்வரிசை. "தமிழ்ல எழுதினா என் மோன் எப்பிடி வாசிப்பான்?"

ஷிஜா சொல்ல வந்தது கணினிக்குப் புரியும் மொழிகளைப் பற்றி. அதை விளக்க அவள் வாய் திறப்பதற்குள் இரண்டு நாற்காலிகள் கவிழ்ந்துவிட்டன.

அது 1999. பொழியூர்க் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார். கடிதம் வரப் பதினைந்து நாள். போன் வந்தால் பாதி நேரம் அழுகையிலேயே போய்விடும். அதனால் இணையத்தில் ஒரு செய்திப் பலகை வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. அங்கே அவர்கள் எழுத வேண்டும், இங்கே பங்குக் கூடத்துக் கணினியில் வீட்டார் வாசித்துப் பதில் எழுத வேண்டும். நெய்யாற்றின்கரையில் கணினி வகுப்பு எடுக்கும் ஷிஜாதான் ஊரிலேயே இந்த வேலை தெரிந்தவள்.

எல்லோரையும்விட அவசரப்பட்டவள் மீன் விற்கும் லூயிசா. அவள் மகன் ஷிபின் துபாய் போய் இரண்டு வருடம்.

"மக்கா, அவன் சிரிக்கியது இதுல கேக்குமா?"

"எழுத்து மட்டுந்தான் சேச்சி."

"போதும். எழுத்துல அவன் சிரிக்கியானா இல்லையான்னு எனக்குத் தெரியும்."

அந்த வார்த்தைக்காகவே ஷிஜா வேலையில் இறங்கினாள். கண்ணுக்குத் தெரியும் பக்கம் முன்னால், எழுதியதை வாங்கிக்கொள்ளும் நிரல் நடுவில், சேர்த்துவைக்கும் தரவுத்தளம் பின்னால். மூன்றுக்கும் கருவிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூடத்துக் கணினியில் ஏற்கெனவே இருந்த தரவுத்தளத்தை வைத்துத் தொடங்கினாள். அமெரிக்காவில் வாடகைக்கு எடுத்த இயந்திரத்தில் ஏற்றியபோது, அந்த இயந்திரம் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தரவுத்தளத்தை மாற்றினாள். புதியதோடு பழைய நிரல் பேச மறுத்தது. நிரலைப் பெர்ல் மொழியில் புதிதாக எழுதினாள். கோப்புகள் இருபத்து மூன்றாகப் பெருகின. ஒன்றை அனுப்ப மறந்தால் மற்ற எல்லாம் படுத்துக்கொண்டன. கடைசியில், எல்லாக் கோப்பையும் திரட்டி, சரிபார்த்து, வரிசையாக ஏற்றும்படி ஒரே கட்டளையை எழுதிவைத்தாள்.

அன்று பலகையில் "ஒன்று" என்று அடித்தாள். அந்தச் சொல் கடல்களைத் தாண்டிப் போய், முகம் தெரியாத ஓர் இயந்திரத்தில் பதிந்து, திரும்பி வந்து அவள் முன் நின்றது. ஷிஜா கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இவ்வளவு பெரிய உலகம் தன் ஒரு சொல்லைக் கீழே போடாமல் கொண்டுவந்து தந்துவிட்டதே!

கமிட்டி வந்து பார்த்தது.

"எல்லாம் இங்கிலீஷ்ல கெடக்கு. தமிழ் எங்க?"

"மலையாளம் எங்க?"

இரண்டு எழுத்துருக்களையும் சேர்த்தாள். அவை இல்லாத கணினிகளில் பக்கம் தெரியவில்லை. எழுத்துருவைத் தானே இறக்கிக்கொள்ளும் புதிய உலாவி ஒன்று வந்திருந்தது. முழுப் பக்கத்தையும் அதற்கு ஏற்றபடி மாற்றி எழுதினாள். இடப்பக்கம் தமிழ்ப் பொத்தான், வலப்பக்கம் மலையாளப் பொத்தான். கமிட்டி முதல்முறையாக ஒற்றுமையாகக் கைதட்டியது. பலகையின் முகவரி எல்லா வீட்டுக் கடிதங்களிலும் வளைகுடாவுக்குப் போனது.

மூன்று வாரமாகியும் ஒரு செய்தி வரவில்லை.

லூயிசா தினமும் மீன் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "வந்துதா மக்கா?"

"இல்ல சேச்சி."

"தமிழ்ப் பொத்தான் சின்னதா இருக்கு. அதாக்கும் காரியம்" என்றார் ராஜதாஸ். ஷிஜா பெரிதாக்கினாள். மறுநாள் மலையாளக்காரர்கள் வந்தார்கள். அதையும் பெரிதாக்கினாள். இப்படி வளர்ந்து வளர்ந்து, நடுவில் எழுதுவதற்கு ஒரு விரல் இடம்தான் மிஞ்சியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, அந்த ஒரு விரல் இடத்தில் ஒரு வரி வந்து நின்றது. தமிழ் எழுத்தும் இல்லை, மலையாள எழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்துகளில் அடித்திருந்தது.

ஷிஜா உரக்க வாசித்தாள்: "அம்மா, சுகமா? ஷிபினாக்கும்."

கூடம் நிரம்பியது. லூயிசா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டாள்.

"சாப்பிட்டியான்னு கேளு மோளே."

ஷிஜா அடித்தாள். ஒரு நிமிடத்தில் பதில்: "இல்ல. நல்ல பசி. என்ன கறி?"

"ஒரே நிமிசம்!" என்றார் ராஜதாஸ். "விமானம் நாலு மணிக்கூர் எடுக்கியது."

"சாளைக் கறி அடுப்புல கெடக்குன்னு சொல்லு" என்றாள் லூயிசா. அவள் வீடு பங்குக் கோயிலுக்குப் பின்னால்தான்.

பதில் வந்தது: "தெரியும். மணம் வருகு."

ராஜதாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "எலே, மணமும் போகுமா இதுல?"

ஷிஜாவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. அப்படி எதையும் அவள் எழுதவில்லை. ஆனாலும் இருபத்து மூன்று கோப்புகள். எது எதோடு சேர்ந்து என்ன செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? தான் கட்டியதைத் தானே பயபக்தியோடு பார்த்தாள். லூயிசா கண்ணீரோடு அவள் தலையில் கைவைத்தாள்.

"சிரிக்கியான் மக்கா. எழுத்துலயே தெரியுது."

அப்போது, கோயில் வாசலில் இன்டர்நெட் கடை வைத்திருக்கும் ஓமனா சன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"லூயிசா சேச்சி, ஷிபின் பெட்டியோட வந்து என் கடையில இருக்கான். துபாயில இந்தப் பலகையத் தொறந்தா வெறும் கட்டம் கட்டமாத்தான் தெரியுதாம். அதான், எழுதீட்டுப் போலாம்னு லீவு போட்டு வந்திருக்கான்."